தீர்ப்பைத் தள்ளிவையுங்கள்: கோச்சிங் அமர்வில் சுயபரிசீலனையை நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

"எனக்குப் பொறுமை இல்லை மேடம். அதுதான் என் பிரச்சினை."

வந்து உட்கார்ந்த மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் இப்படிச் சொன்னால் நமக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வரும். தன்னைத் தானே பார்க்கத் தெரிந்தவர், நம் வேலை சுலபம் என்று தோன்றும். நான் பலமுறை ஏமாந்திருக்கிறேன். அவர் சொன்னது ஒரு தீர்ப்பு. விசாரணை நடக்கவில்லை, சாட்சியைக் கூப்பிடவில்லை, அதற்குள் தண்டனை வாசித்தாகிவிட்டது. பள்ளிக்கூட நாளிலிருந்து யார் யாரோ அவர்மேல் எழுதிய தீர்ப்பாகக்கூட அது இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு "சரி, பொறுமையை எப்படி வளர்க்கலாம்?" என்று நாம் கிளம்பினால், இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்த கதைதான்.

நான் பேசுவது வேலை சார்ந்த கோச்சிங் பற்றி. புதிதாக டீம் லீட் ஆனவர்கள், முதல்முறையாக மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள், அப்பாவின் தொழிலைக் கையில் எடுத்தவர்கள். (நீட் கோச்சிங்கா என்று கேட்கும் சொந்தக்காரர்கள் எனக்கும் உண்டு.) எதிரில் இருப்பவரை கிளையன்ட் என்று சொல்கிறேன். கூடவே ஓர் உதாரணத்தையும் நடத்திக்கொண்டு போகிறேன். மேலே பேசியவர் அதில் ஓர் ஐடி டீம் லீட். இரண்டு மூன்று பேரின் கதையைக் கலந்து, ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

இங்கே சொல்லும் முறையின் எலும்புக்கூடு என்னுடையதல்ல. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்ட் பாலிடெக்னிக்கில் இருந்த கிரஹாம் கிப்ஸ் 1988இல் முன்வைத்த ஆறு படிச் சுழற்சி அது: என்ன நடந்தது, என்ன உணர்ந்தீர்கள், எது நன்றாக இருந்தது எது இல்லை, ஏன் அப்படி, இதிலிருந்து என்ன தெரிகிறது, அடுத்த முறை என்ன செய்வீர்கள். நர்சிங் கல்வியில் வேர் பிடித்து மற்ற துறைகளுக்கும் பரவியது. இதை வட்டமாக வரைந்து ஆறு சம துண்டுகளாக வெட்டிக் காட்டுவார்கள். அந்தப் படத்தில்தான் எனக்குச் சண்டை. ஆறும் சமம் இல்லை. ஒரு மணி நேர அமர்வில் முதல் இரண்டு படிக்கே பாதி நேரத்துக்கு மேல் கொடுக்கிறேன். கீழே என் படிகளும் ஆறுதான், வெட்டு மட்டும் கொஞ்சம் வேறு: சம்பவத்தைத் தேர்ந்தெடுப்பதை முதல் படியாக வைத்திருக்கிறேன், 'என்ன தெரிகிறது' என்பது 'ஏன் அப்படி'யோடு சேர்ந்து வரும்.

தொடங்குவதற்கு முன்: யாருடைய காசு?

கட்டணத்தை கிளையன்டே கொடுத்தால் சிக்கல் குறைவு. கம்பெனி கொடுத்தால் முதல் அமர்விலேயே மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும்: கிளையன்ட், நீங்கள், அனுப்பியவர். எத்தனை அமர்வு நடந்தது, என்ன இலக்கு என்று ஒப்புக்கொண்டோம், இந்த இரண்டு மட்டும்தான் வெளியே போகும் என்று எழுத்தில் வையுங்கள். "ஹெச்ஆர் கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கிளையன்ட் கேட்கமாட்டார். மரியாதைக்குக் கேட்கமாட்டார். நாமேதான் சொல்ல வேண்டும்.

ஆரம்ப காலத்தில் ஒரு கிளையன்டைப் பற்றிக் கேட்டு அவர் கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. "டீடெய்ல் எல்லாம் வேண்டாம் மேடம், சும்மா ஜெனரலா சொல்லுங்க." நானும் சும்மா ஜெனரலா, "நல்லா வர்றாங்க, கொஞ்சம் தன்னம்பிக்கைதான் கூடணும்" என்றேன். ஆறு வாரம் கழித்து அதே வாக்கியம், சொல் மாறாமல், அந்த கிளையன்டின் அப்ரைசலில் வந்து நின்றது. அதற்குப் பிறகும் அவர் என்னிடம் வந்தார், சிரித்தார், பேசினார். ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை அந்தப் போனை எடுத்த நிமிடத்தை நினைத்தால் எனக்குக் காது சுடும்.

இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வி வந்தா, 'வேண்டாம்'னு ஒரு வார்த்தை போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை." நம்மிடம் வருகிறவர்கள் நம்மை ஆசிரியராகப் பார்ப்பவர்கள். ஆசிரியர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்று வளர்ந்தவர்கள். அனுமதியை வாய்விட்டுக் கொடுத்தால்தான் அது அனுமதி.

படி 1: ஒரே ஒரு சம்பவம்

"என் டீம்ல கம்யூனிகேஷன் சரியில்ல" என்பதை வைத்துக்கொண்டு யாரும் பரிசீலிக்க முடியாது. தேதியும் நேரமும் உள்ள, பத்து நிமிடத்துக்குள் நடந்து முடிந்த ஒன்றைக் கேளுங்கள். "போன மாசத்துல, இதை நினைச்சா மனசு ஒரு மாதிரி ஆகுதுங்கிற மாதிரி ஒரு நாள் சொல்லுங்க."

மிகப் பெரிய காயத்தை முதலில் எடுக்க வேண்டாம். வலியைப் பத்துக்கு இவ்வளவு என்று சொல்லச் சொன்னால் நாலு, ஐந்து வருகிறதா, அதை எடுங்கள். நீச்சல் பழக யாரும் ஆடிப்பெருக்கன்று ஆற்றில் இறங்குவதில்லை.

நம் டீம் லீட் எடுத்துவந்தது இது. மாலை 6.40க்கு வெளிநாட்டு கஸ்டமருடன் வாராந்திர வீடியோ கால். கஸ்டமர், "இது போன வாரமே சரியாகிவிட்டது என்றீர்களே?" என்று கேட்கிறார். இவர் உடனே எல்லோர் முன்னாலும் ஜூனியர் பையனிடம், "இதைச் செக் பண்ணச் சொல்லி நான் அப்பவே சொன்னேன்ல?" என்கிறார். அவன் கேமராவை அணைத்துவிட்டான். இரண்டு வாரத்தில் வேறு டீமுக்கு மாற்றம் கேட்டான்.

படி 2: நடந்ததை மட்டும் சொல்ல வைத்தல்

இங்கேதான் நம் முழு உழைப்பும். கிளையன்ட் ஒவ்வொரு இரண்டு வாக்கியத்துக்கும் ஒரு தீர்ப்பை நழுவவிடுவார். "நான் அப்படித்தான்", "அவன் ரொம்ப சென்ஸிட்டிவ்". மறுக்காதீர்கள், ஆமோதிக்கவும் வேண்டாம். "அதுக்கு வருவோம். கஸ்டமர் கேட்டதும் முதல்ல என்ன நடந்தது?" என்று காட்சிக்குத் திருப்புங்கள். ஒரு கேமரா பதிவு செய்திருந்தால் அதில் என்ன தெரியும், என்ன கேட்கும் என்பதுதான் அளவுகோல். 'கோபமாகப் பேசினேன்' கேமராவில் தெரியாது. குரல் உயர்ந்தது தெரியும். யார் யார் காலில் இருந்தார்கள், நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், கேள்விக்கும் உங்கள் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போனது, அடுத்து யார் பேசினார்கள் என்று கேளுங்கள். சலிப்பூட்டும் கேள்விகள்தான். சலிப்பாக இருந்தால் சரியாகப் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பதினான்காவது நிமிடம் வாக்கில் நம் டீம் லீட் போகிறபோக்கில் சொன்னார்: "அன்னைக்குன்னு பார்த்து எங்க மேனேஜரும் கால்ல வந்து உட்கார்ந்திருந்தார், ஒண்ணும் பேசல." அதுவரை அந்த மனிதர் கதையிலேயே இல்லை. 'பொறுமை இல்லை' என்ற தீர்ப்பு அவரை விழுங்கி வைத்திருந்தது.

இந்தப் படியில் எனக்கு மிகவும் உதவுவது எட்டாம் வகுப்பு இலக்கணம். வினைச்சொல்லைக் கவனியுங்கள். "மீட்டிங் கெட்டுப்போச்சு" என்பவர் வேறு, "மீட்டிங்கை நான் கெடுத்தேன்" என்பவர் வேறு. தமிழில் ஆளே இல்லாமல் ஒரு காரியத்தை நடத்தி முடித்துவிடலாம்: வாய் தவறி வந்துடுச்சு, அப்படி ஆயிடுச்சு, பேச்சு முத்திப்போச்சு. யார் பேசினார், யார் முற்றவைத்தார்? எதிர்ப்பக்கமும் உண்டு. மழை பெய்து ஷாமியானா விழுந்ததற்குக்கூட "நான்தான் கெடுத்தேன்" என்று சொல்லும் ஆட்கள். அவர்களுக்கு வினை எல்லாம் தன்மேல்தான். இரண்டையும் திருத்தப் போகாதீர்கள், வாத்தியார் ஆகிவிடுவீர்கள். அவர் சொல்லை அப்படியே எடுத்துக் கேளுங்கள்: "பேச்சு முத்திப்போச்சுன்னு சொன்னீங்க. அந்த நேரம் யார் என்ன சொன்னாங்க?" ஆள் தானாகக் காட்சிக்குள் வருவார்.

கிப்ஸின் சுழற்சியில் தனியாக இல்லாத ஒரு கேள்வியை இங்கே கடன் வாங்கிச் சேர்க்கிறேன். அமெரிக்க ராணுவத்தில் 1970களில் உருவான, பயிற்சிக்குப் பிந்தைய மீளாய்வு முறையின் முதல் கேள்வி: என்ன நடக்க வேண்டும் என்று இருந்தது? எதிர்பார்ப்பைக் கேட்காமல் நடந்ததை மட்டும் கேட்டால் எது இடறியது என்று தெரியாது. நம் டீம் லீட் எதிர்பார்த்தது, "இந்த வாரம் ஒரு கேள்வியும் வராது, பத்து நிமிஷத்துல முடியும்". கேள்வி வருமென்று அவர் தயாராகவே இல்லை.

படி 3: என்ன இருந்தது உள்ளே

"ஃப்ரஸ்ட்ரேட் ஆயிட்டேன்." ஆங்கிலத்தில் வரும் உணர்ச்சிச் சொல் நம் கிளையன்ட்களுக்கு அலுவலக உடுப்பு மாதிரி. இஸ்திரி போட்டு, பட்டன் பூட்டி வரும். அந்தச் சொல்லில் பொய் இல்லை, ஆனால் அதற்குள் நாலு விதமான உணர்ச்சிகள் ஒளிந்துகொள்ளலாம். அப்போது நான் கேட்பது: "அன்னைக்கு வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட சொல்லியிருந்தா எப்படிச் சொல்லியிருப்பீங்க?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "மானம் போச்சும்மான்னு சொல்லியிருப்பேன்."

பாருங்கள், கோபமே இல்லை. கோபம் என்று வைத்துக்கொண்டு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தால் எவ்வளவு தள்ளிப் போயிருப்போம்! எரிச்சல், ஆத்திரம், ஆற்றாமை, கூச்சம், பொறாமை, மனசு விட்டுப்போதல், வயிறு எரிதல் என்று நமக்குச் சொல் பஞ்சம் இல்லை. கிளையன்டுக்குச் சொல் கிடைக்காவிட்டால் மூன்றை எடுத்துக் கொடுத்து எது பொருந்துகிறது என்று கேட்கலாம். ஒன்றை மட்டும் கொடுக்காதீர்கள். மரியாதைக்கு அதையே வாங்கிக்கொள்வார். உடம்பில் எங்கே தெரிந்தது என்றும் கேளுங்கள். தொண்டையா, வயிறா, காதா? அடுத்த முறை அந்த உணர்ச்சி வருவதை அவருக்கு முதலில் சொல்லப்போவது உடம்புதான்.

இங்கும் நம் மொழி ஒரு கை கொடுக்கிறது. "எனக்குக் கோபம் வந்தது" என்போம். வந்தது, இருந்தது, போனது, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி. 'நான் கோபக்காரி' என்பதிலிருந்து 'எனக்குக் கோபம் வந்தது' என்பதற்கு ஒருவரை நகர்த்தினாலே அவர் தோள் இறங்குவதைப் பார்க்கலாம்.

படி 4: நல்லதும் கெட்டதும்

இதை ஐந்து நிமிடத்தில் முடியுங்கள். நல்லதை முதலில் கேளுங்கள், கெட்ட பட்டியல் ஏற்கெனவே தயாராக இருக்கும். "அந்த ஜூனியரோட உங்களுக்கு நல்லாப் போன ஒரு நேரம்?" என்றதற்கு, ஒரு சனிக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து அவனுக்கு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். பொறுமை இல்லாதவர் மூன்று மணி நேரம்! நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே நிமிர்ந்து பார்த்தார்.

படி 5: ஏன் அப்படி

இது வழுக்கும் படி. மனிதர்கள் தங்கள் செயலுக்குச் சொல்லும் காரணத்தை அப்படியே நம்ப முடியாது. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. உண்மையான காரணம் அவர்களுக்கே தெரியாமல் போகலாம். ரிச்சர்ட் நிஸ்பெட், திமோதி வில்சன் இருவரும் 1977இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வரும். ஒரே மாதிரியான 4 ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கடைக்கு வந்தவர்களைக் கேட்டார்கள். மற்றவற்றைவிட வலது கோடியில் இருந்ததையே அதிகம் பேர் எடுத்தார்கள். ஏன் என்றால், இருந்த இடத்தை ஒருவரும் காரணமாகச் சொல்லவில்லை. காலுறை விஷயத்திலேயே இப்படியென்றால், மானம் போன விஷயத்தில் கேட்க வேண்டுமா?

அதனால் ஒரு காரணத்தோடு நிற்காதீர்கள், மூன்று கேளுங்கள். மூன்றையும் 'இருக்கலாம்' என்று முடியும் வாக்கியமாகவே எழுதச் சொல்லுங்கள்.

'ஏன்' என்று கேட்கவே கூடாது, 'என்ன' என்றுதான் கேட்க வேண்டும் என்று சில பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். நான் முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. ஈதன் கிராஸ், ஓஸ்லெம் அய்டுக், வால்டர் மிஷெல் 2005இல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்குக் கோபம் வந்த ஒரு சம்பவத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அதற்குள்ளேயே மூழ்கி 'ஏன்' என்று கேட்டுக்கொண்டவர்களுக்கு உணர்ச்சி மறுபடி மூண்டது. சற்றுத் தள்ளி நின்று, தன்னையே தூரத்திலிருந்து பார்ப்பதுபோலப் பார்த்து அதே 'ஏன்' கேட்டவர்களுக்கு அவ்வளவு இல்லை. அயலாரின் குற்றத்தைப் பார்க்கும் கண்ணால் தன் குற்றத்தைப் பார் என்பது நமக்குப் புதிய யோசனையும் இல்லை. ஆகவே 'ஏன்' கேட்பதற்கு முன் கிளையன்டை எழுப்பி வேறு நாற்காலியில் உட்கார வையுங்கள். காலி நாற்காலியைக் காட்டி, அவர் பெயரையே படர்க்கையில் சொல்லி, "அவங்க ஏன் அப்படிப் பேசியிருக்கலாம்?" என்று கேளுங்கள். முதலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நம் டீம் லீட் மூன்று காரணம் சொன்னார். களைப்பாக இருந்திருக்கலாம். பையன்மேல் பழைய வருத்தம் இருந்திருக்கலாம். மூன்றாவது, கொஞ்சம் தயங்கி: "மேலே இருக்கறவங்க முன்னாடி கேள்வி வந்தா, அது தன்மேல நிக்கக்கூடாதுன்னு கீழே தள்ளிவிட்டிருக்கலாம்." இதே மாதிரி வேறு எப்போதாவது நடந்ததா என்றேன். இரண்டு இடம் சொன்னார், ஒன்று ஆபீஸ், ஒன்று மாமியார் வீடு.

இந்த இடத்தில்தான் கோச்சுக்கு நாக்கு அரிக்கும். மேனேஜர் பெயர் வந்த நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, சொல்லிக் காட்ட வேண்டும் என்று துடித்தது. அடக்கிக்கொள்ளுங்கள். நாம் சொன்னால் "கரெக்ட் மேடம்" என்பார். 'கரெக்ட் மேடம்' எனக்கு அபாயச் சங்கு. அவர் யோசிப்பதை நிறுத்திவிட்டார் என்று பொருள்.

"நீங்களே சொல்லுங்க மேடம்" என்று கேட்டுவிட்டால்? மனசுக்குள் பத்து எண்ணுங்கள். ஏழு எட்டில் பெரும்பாலும் அவரே பேச ஆரம்பிப்பார். அப்படியும் வராவிட்டால், "நான் ரெண்டு சொல்றேன், அதுக்கு முன்னாடி உங்களோடது ஒண்ணு, தப்பா இருந்தாலும் பரவாயில்ல" என்று பேரம் பேசலாம்.

படி 6: அடுத்த முறை

'இனிமேல் பொறுமையாக இருப்பேன்' என்பது புத்தாண்டுச் சபதம். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து ஆராய்ந்துவந்த ஓர் எளிய அமைப்பு இங்கே உதவும்: 'இது நடந்தால், இதைச் செய்வேன்.' 'இது' என்பது வெளியில் கண்ணுக்குத் தெரியும் ஒன்றாகவோ, உடம்பில் உணரும் ஒன்றாகவோ இருக்க வேண்டும். செய்யப்போவது ஒரு வாக்கியத்தில் அடங்க வேண்டும். நம் டீம் லீட் எழுதியது: "எனக்குப் பதில் தெரியாத கேள்வியை கஸ்டமர் கேட்டால், 'பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் சொல்கிறேன்' என்பேன்." எழுதியதை அமர்விலேயே மூன்று முறை சத்தமாகச் சொல்லவைத்தேன். கூச்சப்பட்டார். காலில் முதல்முறையாகச் சொல்லிப் பார்ப்பதைவிட இங்கே கூச்சப்படுவது மலிவு.

அந்தப் பையனிடம் பேசலாமா என்பதை அவரே முடிவு செய்தார், பேசினார். அவன் டீம் மாறித்தான் போனான்.

வீட்டுக்கு என்ன கொடுத்தனுப்புவது

அமர்வுகளுக்கு நடுவில் வாரம் இரண்டு முறை, பதினைந்து நிமிடம், ஒரு சம்பவம். நாலு வரி போதும்: கேமரா பார்த்தது, உள்ளே இருந்தது, ஒரு 'இருக்கலாம்', ஒரு 'நடந்தால்'. தமிழோ தங்கிலீஷோ, எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். எழுத வராதவர்கள் போனில் பேசிப் பதிவு செய்யட்டும். நம் ஆட்களில் பலர் எழுதும்போது கட்டுரை எழுதுவார்கள், பேசும்போதுதான் உண்மை பேசுவார்கள். ஆனால் அதை எனக்கு அனுப்பாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். வாசிக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே வாக்கியம் வேஷம் போட்டுக்கொள்ளும். எடுத்துவருவதா வேண்டாமா என்பது அவர் இஷ்டம்.

ஓர் எச்சரிக்கை. ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் செய்த ஆய்வில், மனதை உலுக்கிய அனுபவங்களைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம் வீதம் 4 நாள் மாணவர்களை எழுதவைத்தார். பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே மனநிலை இறங்கித்தான் இருந்தது. எனவே தூங்கப்போகும் நேரத்தில் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுதி முடித்ததும் பாத்திரம் கழுவுவது, மாடியில் நடப்பது மாதிரி கைகாலுக்கு ஒரு வேலை இருக்கட்டும்.

எங்கே நிறுத்துவது

ஒரே சம்பவத்தை மூன்றாவது வாரமும் அதே சொற்களில், புதிதாக ஒரு விவரமும் இல்லாமல் சொல்கிறார் என்றால் அது அரைத்த மாவையே அரைப்பது. அதற்கு இன்னும் கேள்வி கேட்டால் இன்னும் அரைபடும். மூடிவைத்துவிட்டு, இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியத்துக்குப் போய்விடுங்கள்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பழைய கொடுமை ஒன்று இப்போது நடப்பதுபோல் வந்து போகிறது, 'இருந்து என்ன பண்ணப்போறேன்' என்ற பேச்சு வருகிறது. இதில் எது வந்தாலும் படிகளைக் கீழே வையுங்கள். இது கோச்சின் வேலை இல்லை. உயிரை விட்டுவிடும் எண்ணம் இருக்கிறதா என்று சுற்றிவளைக்காமல் கேளுங்கள். இருந்தால் தனியாக அனுப்பாதீர்கள், வீட்டில் ஒருவருக்குத் தெரியட்டும், மனநல மருத்துவரிடம் போக உதவுங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் இலவசம். இந்த எண்ணை என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன், அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அடுத்த அமர்வைத் தொடங்கும்போது

"செஞ்சீங்களா?" என்று கேட்டால் வீட்டுப்பாடம் ஆகிவிடும். செய்யாதவர் அடுத்த வாரம் காய்ச்சல் என்று போன் செய்வார். "அந்த 'நடந்தால்' இந்த வாரம் வந்ததா?" என்று கேளுங்கள். வரவே இல்லை என்றால் திட்டத்தில் குறையில்லை, சந்தர்ப்பம் வரவில்லை. வந்தும் செய்ய முடியவில்லை என்றால் நமக்கு அடுத்த சம்பவம் கிடைத்துவிட்டது, அதையே படி 1இல் வையுங்கள்.

கிளையன்ட் கிளம்பியபின் ஐந்து நிமிடம் எனக்கு. மூன்றே கேள்விகள்: அவர் சொல்லாத எதை நான் சொன்னேன்? எந்த இடத்தில் எனக்கு அவசரம் வந்தது? மொத்தத்தில் யார் அதிகம் பேசினோம்? அன்றைய நோட்டில் இரண்டாவது கேள்விக்கு நேரே எழுதியிருக்கிறேன்: "மேனேஜர் பெயர் வந்ததும், தொண்டையில்."